கார் இல்லாத குடியிருப்பு

என் வீட்டுக்காரருக்கு மத்திய அரசில் தணிக்கை வேலை. எதையும் நம்பாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைலியும் துண்டுமாக எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கேள்வித்தாளோடு வந்திருந்த பெண்களிடம், "எங்களிடம் கார் கிடையாது" என்று வங்காளத்தில் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே எங்கள் கார் நின்றுகொண்டிருந்தது. காலையில்தான் அதைக் கார் கழுவ வரும் பையன் கழுவி, உறை போட்டு மூடிவிட்டுப் போயிருந்தான்.

அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஏன் சொன்னார் என்பதற்கு முன்கதை வேண்டும்.

மாற்றலாகி நாங்கள் கல்கத்தாவுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. டாலிகஞ்ச் மெட்ரோவில் இறங்கி, ஆட்டோவின் முன்சீட்டில் ஓட்டுநரோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போனால் எங்கள் குவார்ட்டர்ஸ் வரும். வங்காளிகள், பீகாரிகள், தெலுங்குக்காரர்கள், நடுநடுவே தமிழர்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கீழ்வீட்டில் மாயவரத்து மாமாவும் மாமியும். எல்லாரும் மாற்றலுக்குக் கட்டுப்பட்டவர்கள். அதனால் யாரும் கட்டிலைத் தவிர வேறு பெரிய சாமான் வாங்குவதில்லை, யாரோடும் நிரந்தரமாகச் சண்டை போடுவதுமில்லை.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மைதானம். அதற்கு அப்பால் சந்தால் ஆதிவாசிகளின் குடியிருப்பு. நாங்கள் இப்போது மின்விசிறி போட்டுத் தூங்கும் இந்தக் கட்டடங்களைக் கட்டுவதற்காக மேற்கு மாவட்டங்களிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். கட்டடம் முடிந்ததும் கட்டியவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று அரசாங்கம் நினைத்திருக்கும். அவர்கள் ஊரிலிருந்து சால மரக்கன்று கொண்டுவந்து மைதானத்தின் நடுவில் வைத்துவிட்டார்கள். அந்த மரங்களின் அடியில் அவர்களுடைய சாமிகள் கல்லாக இருக்கின்றன. அந்த இடத்துக்கு ஜாஹேர் என்று பெயர். வெயில் ஏறத் தொடங்கும் மாதத்தில் சால மரம் பூத்ததும் அங்கே பூத்திருவிழா நடக்கும். அது முடியும்வரை புதுப் பூவை அவர்கள் வீட்டுப் பெண்கள் தலையில் வைக்க மாட்டார்கள்.

எங்கள் ஆட்கள் அந்த மைதானத்தில் செய்தது ஒன்றே ஒன்றுதான், கார் நிறுத்தியது. முதலில் சுவரோரமாக நிறுத்தினார்கள். பிறகு வெயில் அடிக்கிறதே என்று கொஞ்சம் உள்ளே தள்ளி. பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே, அதாவது சாமி தலைமேல். ஒரு பூத்திருவிழா அன்று அவர்கள் ஆடுவதற்கு இடமில்லாமல் போய், யாரோ ஒரு காரின் பக்கக் கண்ணாடி உடைந்து, இரு பக்கமும் கத்திக்கொண்டது. எங்கள் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற ஒன்றிரண்டு வருடமே இருந்த வங்காளி, எல்லாரும் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவர், வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதினார். மைதானத்தையே கார் நிறுத்துமிடமாக ஆக்கித் தரவேண்டும் என்பது மனு.

வார்டு அதிகாரி வந்து பார்த்தார். நிலம் அரசாங்கத்துடையது, நீங்கள் இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டு வாருங்கள், அதை அப்படியே உத்தரவாகப் போடுகிறேன், இந்த மாதிரி மற்ற இடங்களுக்கும் இதையே கொள்கையாக வைக்க உத்தேசம், இல்லாவிட்டால் வேலி போட்டுப் பூங்கா கட்டிவிடுவோம், இரண்டு பேருக்கும் கிடையாது என்றார். பூங்கா என்றால் முதலில் மரத்தை வெட்டிவிட்டுத்தான் கட்டுவார்கள் என்பது கல்கத்தாவில் எல்லாருக்கும் தெரியும்.

சந்தால் பக்கத்திலிருந்து பதில் வந்தது. உடன்படிக்கைக்குச் சம்மதம், ஆனால் அதற்கு முன்னால் ஓர் ஆய்வு நடக்க வேண்டும், அதை நாங்களே நடத்துவோம், எங்களையும் ஆய்வு செய்வோம், உங்களையும் ஆய்வு செய்வோம் என்றார்கள்.

எங்கள் சங்கக் கூட்டத்தில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது. செயலாளர் என் வீட்டுக்காரர்தான். வந்து சொன்னார்: "அவிய நம்மள ஆராய்ச்சி பண்ணப் போறாவளாம்ளா. பண்ணிட்டுப் போவட்டும்."

சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கேள்வித்தாளோடு ஆட்கள் வீடு வீடாக வரப்போகிறார்கள், எழுதிக்கொள்வார்கள், எழுதியது வார்டு அலுவலகத்துக்குப் போகும் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வீட்டுச் சாமானைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். அரசாங்க உத்தியோகஸ்தனுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான், மனு கொடுக்க வருபவர்கள், விசாரணைக்கு வருபவர்கள். இவர்கள் மனு எதுவும் கொண்டுவரவில்லை.

என் வீட்டுக்காரரின் பயம் காரைப் பற்றியது. அரசு ஊழியர் கார் வாங்கினால் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இவர் ஓய்வுபெற்றுப் போன நண்பரின் பழைய வெள்ளைக் காரை வாங்கி, முறைப்படி தெரிவித்தும் விட்டார். ஆனால் அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. பதில் வராத கார் அவரைப் பொறுத்தவரை இன்னும் பிறக்காத கார். "பதில் வாரவரைக்கும் நம்மகிட்ட கார் இருக்குன்னும் சொல்லக்கூடாது, இல்லன்னும் சொல்லக்கூடாது" என்றார். ரெண்டில் ஒன்றுதான் கேட்பார்கள் என்று நான் சொன்னேன். இரவெல்லாம் யோசித்துவிட்டு 'இல்லை' பக்கம் சாய்ந்தார்.

வந்தவர்களில் தலைமையாக இருந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். சமூகவியலில் முதுகலை படித்தவள், ஸ்கூட்டரில் வந்தாள். கூட வந்த இரண்டு பெண்களும் அதே குடியிருப்பு. நான் நல்ல டிகிரி காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். மூவரும் காப்பியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டில் குடிக்க மாட்டார்கள்போல என்று எனக்குச் சுருக்கென்றது. காப்பியில் ஆடை படிந்தது. கடைசியில் அவளே கூச்சத்தோடு, "பௌதி, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்றாள். பௌதி என்றால் அண்ணி. வந்தவர்களுக்கு முதலில் சொம்பில் தண்ணீர் வைக்க வேண்டுமாம், அதற்குப் பிறகுதான் வந்த விஷயத்தைப் பேச வாய் திறப்பார்களாம். எங்கள் ஊரிலும் அதுதானே வழக்கம், கல்கத்தாவுக்கு வந்து காப்பி பெருமையில் மறந்துபோயிருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தேன். பிறகு காப்பியையும் சூடுபண்ணிக் கொடுத்தேன், இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

அவர்கள் கேட்ட கேள்விகள் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. ஒரு முடிவு எடுப்பதற்கு முன்னால் யாரிடம் கேட்பீர்கள்? என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "யாரிடமும் இல்லை" என்றார். உள்ளறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் சிரித்தது கேட்டது. எதற்குப் பயப்படுவீர்கள்? "எதற்கும் இல்லை." கார் இருக்கிறதா? அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டாள்.

பிறகு என்னைப் பார்த்து, "பௌதியிடம் தனியாகப் பேச வேண்டும்" என்றாள்.

"வீட்டுக்கு ஒருத்தர் சொன்னால் போதாதா?" என்றார் இவர்.

"இல்லை தாதா. பெரியவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரிடமும் தனித்தனியாக. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான்."

இவரை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். தன் வீட்டு வராந்தாவில் அந்நியன்போல நின்று, கேட்காத மாதிரி செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார், செடி மிதந்தது. என்னிடம் காரைப் பற்றிக் கேட்டபோது, "அதை அவர்கிட்டயே கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் சொன்னேன். இந்த மைதானத்தில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்றாள். யோசித்துப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை ஊர் மாறியிருக்கிறேன், எந்த ஊரிலும் எதையும் எனக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. குக்கர் சத்தம் போட்டும் எழுந்துபோகாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு மாதமும் குவார்ட்டர்ஸ் முழுக்கச் செல்வம் குறைந்துகொண்டே வந்தது. மாயவரத்து மாமா வீட்டில் மச்சினர் பையன் வருடக்கணக்காகத் தங்கியிருக்கிறான். மாமா, "நானும் ஆத்துக்காரியும்தான், வேற யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டார். பையன் கையில் தோசைத் தட்டோடு பின்னால் நின்றானாம். ஒரு வீட்டில் ஏசிப் பெட்டிக்குப் போர்வை போர்த்தி மாலை போட்டு, சாமி படம் மாதிரி ஆக்கிவைத்திருந்தார்கள். தலைவர் தாதாவுக்கு இரண்டு கார். அவர், "நான் நடக்கிறேன், டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றாராம்.

பிறகு ஒரு ஞாயிறு காலை மைதானத்தில் கூட்டம். ஆய்வில் கிடைத்ததை இரு தரப்புக்கும் வாசித்துக் காட்டுவார்கள், எல்லாரும் 'சரி' என்று சொன்ன பிறகுதான் அதை வைத்து உடன்படிக்கை எழுதுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மரத்தடியில் பாய் விரித்திருந்தது. அந்தப் பக்கம் அவர்களுடைய தலைவரான மாஞ்ஜியும் குடும்பங்களும். ஆய்வு நடத்திய அந்தப் பெண்ணின் அம்மா, ஒரு கிழவி, மரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மரக்கன்று நட்டவளின் மகளாம். பூங்கா என்ற பேச்சு வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அந்தப் பெண் ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தாள். இந்தப் பக்கம் நாங்கள். எங்களுக்குப் பின்னால், உறை போட்டும் போடாமலும், எங்களிடம் இல்லாத கார்கள் வரிசையாக நின்றன.

முதலில் அவர்களைப் பற்றியதை அந்தப் பெண் வாசித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்களில் சிலர் குடித்துவிட்டு மைதானத்தில் பாட்டில் போடுகிறார்கள். எங்கள் மேளம் பரீட்சை நேரத்தில் பக்கத்துக் குடியிருப்பின் பிள்ளைகளுக்கு இடைஞ்சல். பக்கக் கண்ணாடியை உடைத்தது எங்கள் ஆள், தெரிந்தும் அன்றைக்கு மறைத்தோம். எங்களுக்குள்ளேயே சிலருக்கு இந்த ஜாஹேரில் அக்கறை குறைந்துவிட்டது." ஒவ்வொன்றையும் வாசித்து நிறுத்தி, சரியா என்று தன் ஆட்களைக் கேட்டாள். ஓரிருவர் முனகினார்கள், தலைகுனிந்தார்கள், சரி என்றார்கள். எங்கள் தலைவர் தாதா திருப்தியோடு மீசையைத் தடவினார்.

அடுத்து எங்களைப் பற்றி.

"இந்தக் குடியிருப்பில் கார் கிடையாது" என்று தொடங்கினாள்.

அடுத்த வாக்கியத்துக்கு அவள் மூச்செடுத்தபோது எங்கள் கார் அலற ஆரம்பித்தது.

பழைய கார், அதன் திருட்டு அலாரத்துக்கு அப்படி ஒரு வியாதி. காற்றடித்தால் அலறும், காகம் உட்கார்ந்தால் அலறும். நிறுத்த வேண்டுமானால் சாவியிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். சாவி என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்தது. கையை எடுத்துப் பைக்குக் கொண்டுபோனார், பிறகு அந்தக் கையாலேயே காதைச் சொறிந்துகொண்டார். "யாருடையது?" என்று தலைவர் தாதா சுற்றிலும் பார்த்தார், அவருக்குத் தெரியாதா என்ன. மாயவரத்து மாமா வானத்தை ஆராய்ந்தார். அலறல் மைதானம் முழுக்க எதிரொலித்தது. அந்தப் பெண் தாளை மடித்துக்கொண்டு, அது முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

அலறல் தானாக ஓய்ந்தது. அவள் தொடர்ந்தாள். இங்கே ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்தால் போதும் என்கிறார்கள். விருந்தாளிகள் வருவதில்லை. யாருக்கும் எதற்கும் பயமில்லை. பிள்ளைகள் விளையாடுவதில்லை, படிக்கிறார்கள். ஆகவே இந்த மைதானத்தால் இவர்களுக்கு எந்த உபயோகமும் இல்லை. தாளை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்து, "இது சரியா?" என்றாள்.

எங்கள் ஆட்கள் அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள். சரி என்றால் மைதானம் போயிற்று. சரியில்லை என்றால் பொய் சொன்னோம் என்று வார்டு அதிகாரி முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமோ, எங்கள் வாயிலிருந்து ஒரே ஒரு 'சரி' வந்தால் மரங்களுக்கு விமோசனம். கிழவி எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓட்டெடுப்பு வைக்கலாம்" என்றார் தலைவர் தாதா, எந்தச் சிக்கலிலும் அவருக்குத் தெரிந்த ஒரே வழி.

"எங்களிடம் ஓட்டு கிடையாது தாதா. எல்லாரும் சரி என்கிறவரை உட்கார்ந்திருப்போம்" என்றார் மாஞ்ஜி. சொன்னபடி உட்கார்ந்தார்கள். உட்காருவதில் அவர்களை யாரும் ஜெயிக்க முடியாது. எங்கள் ஆட்களுக்கோ கால் மரத்தது, வெயில் ஏறியது, மாமாவுக்கு மாத்திரை நேரம் வந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் கார் மறுபடியும் அலறியது.

இவர் எழுந்தார். முகம் பழுத்துப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, கையை நீட்டி, எல்லாரும் பார்க்க அமுக்கினார். கார் 'கீ' என்று அடங்கியது. "என் வண்டிதான்" என்றார். பிறகு வார்டு அதிகாரியின் பக்கம் திரும்பி, கேட்காமலேயே, "அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்கிறேன் சார், பதில்தான் வரவில்லை" என்றார். எனக்கு அந்த மனுஷன்மேல் அப்போது வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் ஒரு கார், எனக்கு ஏசி, எனக்கு இரண்டு ஏசி என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். மாமா, "மச்சினர் பையன் ஆத்துலதான் இருக்கான், ரொம்பச் சாப்பிடறான்" என்று சந்தடி சாக்கில் புகாரும் சேர்த்துச் சொன்னார். தலைவர் தாதா கடைசியாக, மிகுந்த துயரத்தோடு, இரண்டு கார் என்றார். அவள் ஒவ்வொருவர் சொன்னதையும் அடித்துத் திருத்தி எழுதினாள்.

அந்தப் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. சந்தாலி எனக்குப் புரியாது, ஆனால் கிழவி மகளைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தியதற்கு மொழி வேண்டியதில்லை. கைக்கு வந்ததை விட்டுவிட்டாயே என்பதுதான். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். அவள் குனிந்து எழுதிக்கொண்டே போனாள், சரியாக எழுதிய வரியையும் சேர்த்து அடித்துவிட்டாள். நான் எழுந்து அவளிடம் போனேன். ஆட்டோக்காரர்களோடு சண்டை போட்டுக் கற்ற என் வங்காளத்தில் கேட்டேன்: "கார் இருப்பது உனக்கு நிஜமாகவே தெரியாதா?"

"உங்கள் காரைத் தினமும் கழுவுவது என் தம்பி, பௌதி."

"பிறகு ஏன் இல்லை என்று எழுதினாய்?"

"நீங்கள் அப்படித்தானே சொன்னீர்கள்? எங்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் வந்தார்கள். எங்களைப் பார்த்து அவர்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டு போனார்கள். இது சரியா என்று ஒருத்தரும் திரும்பி வந்து கேட்கவில்லை. அதையே நாங்களும் உங்களுக்குச் செய்யக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தோம். அதனால்தான் வாசித்துக் காட்டிக் கேட்டோம்."

"எங்கள் ஆட்கள் வாய் மூடிக்கிடந்தபோதே சரி என்று எடுத்துக்கொண்டிருக்கலாமே."

"பொய்மேல் எழுதினால் அடுத்த செயலாளர் வந்து கிழித்துவிடுவார்" என்றாள். அம்மாவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது பௌதி" என்றாள்.

இதற்குள் தலைவர் தாதா நிமிர்ந்துவிட்டார். உண்மையைச் சொன்ன மனிதனுக்கு வரும் மிடுக்கு அவருக்கும் வந்துவிட்டது. "இப்போது ஆய்வே சொல்கிறது, எங்களுக்கு நிறையக் கார் இருக்கிறது. ஆகவே மைதானம் முழுவதும் எங்களுக்கு வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

அவள் எழுதவில்லை. "ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும்" என்றாள். ஆண்கள் வரிசையாகச் சரி சரி என்றார்கள். என் வீட்டுக்காரரும் சரி என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. முடிந்தது என்று தலைவர் எழுந்து வேட்டியை உதறினார். அவளோ பெண்கள் உட்கார்ந்திருந்த பாய்ப் பக்கம் திரும்பினாள். "பௌதி, நீங்கள்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெயித்த இடத்தை எங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒருத்தி பயந்துகொண்டு நிற்கிறாள், இவர்கள் அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் கேட்கிறார்களே என்று. "சரியில்லை" என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு வங்காளத்தில், "இல்லை. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்றேன்.

"ஏளா, என்ன சொல்லுத?" என்றார் இவர்.

"என்னயக் கேட்டாவ, நான் சொல்லுதேன். வண்டிய நம்ம வீட்டு வாசல்ல விடுங்க. இல்லன்னா வித்துப்போடுங்க. அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

மாயவரத்து மாமி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மாமி எழுந்து, "எனக்கும் சம்மதமில்லை. ராத்திரி கார் கதவைப் படார் படார்னு சாத்தறா" என்றாள். அடுத்து ஒரு தெலுங்கு அம்மாள். அடுத்து தலைவர் தாதாவின் சொந்த மனைவி. அவர் இரண்டாவது காரை வாங்கியதே தன்னைக் கேட்காமல் என்று அந்த அம்மாள் விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்க, தாதா பழையபடி பாயில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் பேச்சு நியாயமாகப் போயிற்று. மத்தியானம் அவர்கள் வீட்டிலிருந்து பொரியும் பச்சைமிளகாயும் வந்தன, எங்கள் வீடுகளிலிருந்து எலுமிச்சைச் சாதம் போயிற்று. கார்களை முடிந்தவரை எங்கள் கேட்டுக்குள் நிறுத்துவது, மிஞ்சியதைச் சுவரோரம் மட்டும் நிறுத்துவது, திருவிழா நாட்களில் அதையும் எடுத்துவிடுவது, பரீட்சைக் காலத்தில் மேளம் சீக்கிரம் முடிவது, ஜாஹேரைச் சுற்றி யாரும் செருப்போடு போகாமலிருப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. சுவரோரம் விட்டுக்கொடுப்பதற்குக் கிழவி மட்டும் சரி சொல்லவில்லை. எல்லாரும் அவளுக்காக உட்கார்ந்திருந்தோம்.

அவள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். மகள் மொழிபெயர்த்தாள்: "நீங்கள் இந்த ஊரில் இன்னும் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்கிறாள்."

"மாற்றல் வரும்வரை" என்றேன்.

கிழவி தலையாட்டிக்கொண்டு இன்னொன்று கேட்டாள். மகள் கூச்சத்தோடு சொன்னாள்: "நீங்கள் போன பிறகு உங்கள் இடத்தில் உட்கார்ந்து யார் இல்லை என்று சொல்வார்கள் என்கிறாள்."

வாய் ஓயாதவள் என்று பேரெடுத்த நான் மாமியைப் பார்த்தேன், மாமி தெலுங்கு அம்மாளைப் பார்த்தாள். எங்களில் ஒருவராவது, நானும் என் பிள்ளைகளும் இங்கே இருப்போம் என்று சொல்லக்கூடியவர் கிடையாது. மரத்தோடு இருப்பவர்கள் அவர்கள், நாங்கள் கட்டிலோடு வந்து கட்டிலோடு போகிறவர்கள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

கிழவியே ஒரு வழி சொன்னாள். குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்தோடும் அவர்கள் வந்து உட்காருவார்கள், உடன்படிக்கையை வாசித்துக் காட்டுவார்கள், பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள். அதை எழுதினால் சரி என்றாள். எழுதினார்கள். சரி என்றாள். வார்டு அதிகாரி நாற்காலியை மடித்தபோது எங்களில் பலருக்கு எழுந்திருக்கவே முடியவில்லை.

போன வாரம் இவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. சமையல்கட்டுச் சாமானைப் பாதி மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பாதியில் சமைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வரப்போவது திருச்சிக் குடும்பம். நேற்று அந்தக் குடும்பத்துப் பெண் போன் செய்தாள், சின்னப் பெண்தான் போலிருக்கிறது. தண்ணீர் வருமா, கடை பக்கமா, வேலைக்கு ஆள் கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு, "அக்கா, பின்னாடி பெரிய மைதானம் இருக்காமே. கார் அங்க விட்டுக்கலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு" என்றாள்.

"அங்க விட முடியாதும்மா. அதுக்கு ஒரு உடன்படிக்கை இருக்கு."

"அப்படியா? சரிக்கா, அதெல்லாம் அவரு வந்து பேசிக்குவாரு."

"அவரு பேசட்டும். ஆனா அவிய உன்னையும் தனியா உக்காத்தி வச்சுக் கேப்பாவ. அவரு என்ன சொன்னாலும் சரி, நீ சொல்லுதத தனியா எழுதுவாவ. நீ சரின்னாத்தான் சரி. இப்பவே யோசிச்சு வச்சுக்கோ."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் வாயைப் போனோடு ஒட்டவைத்துக்கொண்டு, ரகசியம்போல மெதுவாகக் கேட்டாள்:

"என்னையுமா கேப்பாங்க, அக்கா?"